மறுசுழற்சித் தங்கம் மட்டும் வாங்கினால் பொறுப்பு முடிந்ததா?

கேள்வி, பிப்ரவரி 6

நகை உதிரிப் பாகங்கள் செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. வாடிக்கையாளர் ஒருவர் "உங்கள் தங்கம் எங்கிருந்து வருகிறது என்று எழுத்தில் தாருங்கள், இல்லையென்றால் அடுத்த ஆர்டர் கிடையாது" என்கிறார். என் எண்ணம் இது. சுரங்கத் தங்கத்தை விட்டுவிட்டு முழுக்க மறுசுழற்சித் தங்கத்துக்கு மாறிவிட்டால் போர், பாதரசம், குழந்தைத் தொழிலாளர் எதற்கும் யாருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. சப்ளையரிடம் ஓர் உறுதிமொழிக் கடிதம் வாங்கி ஃபைலில் வைத்தால் வேலை முடிந்தது. இதில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா?

பிப்ரவரி 6, இரவு

இருக்கிறது. எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று வெளியே சொல்ல முடியாத தங்கம் சந்தைக்குள் நுழைய விரும்பும்போது முதலில் தேடுவது "மறுசுழற்சி" என்ற பெயரைத்தான். விவரமாக நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 7

சரி, விவரம்.

இந்தத் துறையில் எல்லோரும் கடைசியில் போய் நிற்கும் ஆவணம் ஓஇசிடி அமைப்பின் (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) டியூ டிலிஜென்ஸ் வழிகாட்டுதல், அதாவது வாங்குமுன் விசாரித்துச் சரிபார்ப்பதற்கான வழிகாட்டுதல். மோதல் நடக்கும் பகுதிகளிலும் அதிக ஆபத்துள்ள பகுதிகளிலும் கிடைக்கும் கனிமங்களை வாங்குபவர்களுக்காக எழுதப்பட்டது. 2011-ல் ஏற்கப்பட்டது, தங்கத்துக்கென்று தனித் துணைப் பகுதி 2012-ல் வந்தது. அந்தத் துணைப் பகுதியில் மறுசுழற்சித் தங்கத்தின் பிறப்பிடம் எது என்று சொல்லியிருப்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தத் தங்கம் சுத்திகரிப்பு ஆலைக்கோ வேறு மறுசுழற்சி செய்பவருக்கோ எந்த இடத்தில் திரும்பி வந்ததோ, அந்த இடமே பிறப்பிடம்.

வேறு எப்படியும் எழுதியிருக்க முடியாதுதான். அறுபது வருடப் பழைய மோதிரத்தின் சுரங்கத்தை யார் போய்க் கண்டுபிடிப்பது? ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். ஒரு தங்கக் கட்டியை யாராவது "பழையது" என்று ஏற்றுக்கொண்ட அந்த நொடியில் அதன் முந்தைய கதை முழுவதும் பூஜ்யமாகிவிடுகிறது. போன வாரம் தோண்டிய தங்கத்தைக் கரடுமுரடாக வளையமாக அடித்து, எல்லை தாண்டிக் கொண்டுபோய், அங்கே உருக்கி "ஸ்கிராப்" என்று விற்றால், காகிதத்தில் அது அந்த ஊரில் பிறந்த தங்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/821 ஒழுங்குமுறையும் மறுசுழற்சி உலோகத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் சும்மா தரவில்லை. இது மறுசுழற்சியிலிருந்து மட்டுமே வந்தது என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள், அதற்கு என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை இறக்குமதியாளர் பொதுவில் வெளியிட வேண்டும். நீங்கள் வாங்கி வைக்க நினைக்கும் கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. கடிதத்தில் இருப்பது முடிவு மட்டும். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது அதில் இருக்காது.

பிப்ரவரி 7, கொஞ்ச நேரம் கழித்து

சொந்த அனுபவம் ஒன்று. நான் சில வருடம் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் சரக்கு வாங்கும் பக்கம் இருந்தேன். ஸ்கிராப் மூட்டை உண்மையாகவே ஸ்கிராப் என்றால் பார்த்ததுமே தெரியும். உடைந்த சங்கிலி, கல் பிடுங்கிய மோதிரம், ஒற்றைக் காதணி, பல் மருத்துவரிடமிருந்து வந்த துண்டுகள் என்று அலங்கோலமாக இருக்கும். ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு டச், அதாவது தூய்மை அளவு, காட்டும். உருக்கிப் பார்த்தால் செம்பு இருக்கும், துத்தநாகம் இருக்கும், பற்றவைத்த பொடியின் மிச்சம் இருக்கும்.

ஒருமுறை ஒரு வியாபாரியிடமிருந்து "வீட்டு உபயோகப் பழைய நகை" என்று சரக்கு வந்தது. எல்லாமே ஏற்கெனவே உருக்கிய கட்டிகள். தொடர்ந்து வந்த எல்லாச் சரக்கும் ஏறக்குறைய ஒரே டச். செம்பு பெயருக்குக்கூட இல்லை, தங்கத்தோடு இருந்தது வெள்ளி மட்டும், கூடவே பாதரசத்தின் சாயல். இயற்கையில் கிடைக்கும் தங்கம் வெள்ளியோடு கலந்துதான் கிடைக்கும். சிறு சுரங்கங்களில் அதைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துவார்கள். எந்த வீட்டில் பாதரசம் பூசிய நகை போடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். என் மேலாளர் சிரிக்கவில்லை, ஆனால் வாங்கிவிட்டார். கடிதம் இருந்தது அல்லவா!

அதனால்தான் உறுதிமொழிக் கடிதம் என்றாலே எனக்கு ஒரு எரிச்சல். இதைப் படிப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9

இடையில் ஒருவர் "எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் வைத்திருக்கிறோம், தங்கம் எங்கிருந்து வந்தது என்று அதுவே காட்டிவிடும்" என்று எழுதியிருக்கிறார். காட்டாது.

எக்ஸ்ஆர்எஃப் என்பது எக்ஸ் கதிர் வைத்து உலோகங்களை அடையாளம் காணும் கருவி. அது மேற்பரப்பைத்தான் படிக்கும், சில மைக்ரான் ஆழம் வரைதான். டச் சொல்லும், கலந்திருக்கும் உலோகங்களைச் சொல்லும். மேலே நான் சொன்ன பாதரசச் சாயல் போன்ற சந்தேகத்தைக் கிளப்பும். ஆனால் ஊர் பெயர் சொல்லாது. நுண் கூறுகளை லேசர் வைத்து ஆராய்ந்து இந்தத் தங்கம் பூமியில் உள்ள இந்தத் தாதுப் படிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஆய்வக முறைகள் உண்டு. அவையும் சுத்திகரிக்காத தங்கத்துக்குத்தான்.

சுத்திகரிப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மில்லர் முறையில் உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவைச் செலுத்துகிறார்கள். வெள்ளியும் செம்பும் மற்றவையும் குளோரைடாகப் பிரிந்துவிடும், தங்கம் சுமார் 99.5 சதவீதத்துக்கு வரும். அதற்கு மேலும் தூய்மை வேண்டுமென்றால் வோல்வில் முறை, அதாவது மின்பகுப்பு. அது 99.99-க்குக் கொண்டுபோகும். அந்தப் பக்கம் வெளியே வருவதில் எந்த நாட்டின் மண்ணும் ஒட்டியிருக்காது. நாலு நாட்டுத் தங்கம் ஒரே உலையில் கலந்த பிறகு எது யாருடையது என்று எந்த இயந்திரத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சுற்றிச் சுற்றி எல்லா விதிகளும் சுத்திகரிப்பு ஆலையைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். சுரங்கங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, நகை செய்பவர்களும் அப்படியே. நடுவில் ஆலைகள் மட்டும் எண்ணிக்கையில் குறைவு. ஓஇசிடியின் ஐந்து படிகளில் நான்காவது படியான வெளி ஆடிட் தங்கத்தைப் பொறுத்தவரை அந்த இடத்தில்தான் உட்காருகிறது. லண்டன் புல்லியன் சந்தைச் சங்கமான எல்பிஎம்ஏ 2012-ல் பொறுப்பான தங்கத்துக்கான தன் வழிகாட்டுதலைக் கொண்டுவந்தபோது தன் குட் டெலிவரி பட்டியலில் (லண்டன் சந்தை ஏற்கும் கட்டிகளை வார்க்கும் ஆலைகளின் பட்டியல்) உள்ள ஆலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பட்டியலில் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வருடமும் ஆடிட் உண்டு.

பிப்ரவரி 9, இரவு

"அப்படியானால் பட்டியலில் உள்ள ஆலையின் முத்திரை இருக்கும் கட்டி மட்டும் வாங்கினால் போதுமே?"

முத்திரையா? 2019-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைத் தேடிப் படியுங்கள். சுவிட்சர்லாந்தின் பெரிய ஆலைகளின் முத்திரை குத்திய ஒரு கிலோ கட்டிகள், குறைந்தது ஆயிரம், சந்தையில் பிடிபட்டன. முத்திரை போலி. வேடிக்கை என்னவென்றால் உள்ளே இருந்தது உண்மையான, நல்ல தூய்மையான தங்கம்! கட்டிக்குள் மலிவான டங்ஸ்டன் வைத்து ஏமாற்றுகிறவனுக்குப் பணம்தான் குறி. அசல் தங்கத்தின் மேல் போலி முத்திரை குத்துகிறவனுக்கு வேண்டியது பிறப்புச் சான்றிதழ். தங்கம் கையில் இருக்கிறது, அதை எங்கிருந்து கொண்டுவந்தான் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

முத்திரை போதாது, அதோடு கட்டி எண், தயாரித்த வருடம், ஆலை தரும் பட்டியல் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தயாரித்த தேதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 2022 மார்ச் 7 அன்று எல்பிஎம்ஏ ரஷ்யாவின் ஆறு ஆலைகளைப் பட்டியலிலிருந்து நிறுத்தியது. அதற்கு முன் அவை வார்த்த கட்டிகளை லண்டன் சந்தை தொடர்ந்து ஏற்றது, அதற்குப் பின் வார்த்தவற்றை ஏற்கவில்லை. ஒரே ஆலை, ஒரே அச்சு, தேதி மட்டும் வேறு.

பிப்ரவரி 12

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு. சுருக்கமாகச் சொல்கிறேன், சட்டப் பாடம் நடத்துமளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

அமெரிக்காவின் 2010 டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502-ஆம் பிரிவு காங்கோ ஜனநாயகக் குடியரசையும் அதன் எல்லையைத் தொடும் ஒன்பது நாடுகளையும் குறிவைத்தது. தங்கம், தகரம், டாண்டலம், டங்ஸ்டன் என்று நான்கு கனிமங்கள், அவை அங்கிருந்து வந்தனவா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். அங்கே பங்குச் சந்தை ஆணையத்திடம் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். விதிகள் 2012-ல் வந்தன. "எங்கள் பொருள் மோதலற்றது என்று கண்டறியப்படவில்லை" என்று நிறுவனமே தன்னைப் பற்றி அறிவிக்க வேண்டும் என்ற பகுதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் பேச்சுரிமைக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே நிலைத்தது.

ஐரோப்பிய விதி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே நான்கு கனிமங்கள்தான், ஆனால் காங்கோவோடு நிற்காமல் உலகில் மோதலும் ஆபத்தும் உள்ள எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்தும். தங்கத்தில் வருடம் 100 கிலோவுக்கு மேல் இறக்குமதி செய்பவர்களைத்தான் பிடிக்கும்.

இதற்கு முன் ஒருவர் "கான்ஃபிளிக்ட் ஃப்ரீ (மோதலற்றது) என்றால் காங்கோவிலிருந்து வரவில்லை என்று அர்த்தம்" என்று எழுதியிருந்தார். பல வாங்குபவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அது சட்டம் சொன்னதும் இல்லை, ஓஇசிடி சொன்னதும் இல்லை. காங்கோவிலிருந்து வாங்காதே என்று எந்த வரியிலும் இல்லை, பார்த்து வாங்கு என்றுதான் இருக்கிறது. ஆனால் பார்ப்பதைவிட வாங்காமல் இருப்பது சுலபம். அதன் பலன் என்ன? ஐநா நிபுணர் குழு 2014-ல் தந்த மதிப்பீட்டின்படி காங்கோவில் சிறு சுரங்கத்தவர்கள் எடுக்கும் தங்கத்தில் 98 சதவீதம் கடத்திக்கொண்டு போகப்பட்டது. கடத்தப்பட்டதும் தங்கம்தானே, காற்றில் கரைந்துவிடவில்லை. எங்கோ ஒரு சங்கிலியாகவோ மோதிரமாகவோ இருக்கிறது. வேறு ஒரு நாட்டுக் காகிதத்தோடு போயிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவருக்கு: மேலே சொன்ன எந்தச் சட்டமும் உங்கள் நிறுவனத்தை நேரடியாகத் தொடாமல் இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளரையோ அவருடைய வாடிக்கையாளரையோ தொடும். அவர்கள் அந்தக் கேள்வியைக் கீழே தள்ளுகிறார்கள். அது கடைசியில் உங்கள் மேசையில் வந்து விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 12, பின்னிணைப்பு

"எங்களுக்கு வந்த எக்ஸெல் படிவத்தில் நானூறு ஆலைகளின் பெயர் நிரப்பி அனுப்பினோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை" என்ற பதிவைப் பார்த்துச் சிரித்தேன். மோதல் கனிமப் படிவத்தை நானும் நிரப்பியிருக்கிறேன், நிரப்பியதைச் சரிபார்த்தும் இருக்கிறேன். சப்ளையர் தன் சப்ளையரிடமிருந்து வந்ததை அப்படியே ஒட்டுவார். அதற்கு மேலே உள்ளவரும் அதையே செய்வார். ஒரு சின்ன கொக்கிக்கு உலகத்தில் உள்ள எல்லா ஆலைகளிலிருந்தும் தங்கம் வந்ததாகப் படிவம் சொல்லும். அதில் ஒன்று ஆலையே இல்லை, வெறும் வியாபார அலுவலகம் என்பதும் கூட்டத்தில் தெரியாமல் போய்விடும். இரண்டே பெயர் போட்டு, அந்த இரண்டுக்கும் பில் காட்டுபவரைத்தான் நான் நம்புவேன்.

பிப்ரவரி 15

பில் காட்டுவது பற்றி.

மியாமியில் இருந்த என்டிஆர் மெட்டல்ஸ் வழக்கை இந்தத் துறையில் வேலைக்குச் சேரும் யாருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பேன். 2012 முதல் 2015 வரை லத்தீன் அமெரிக்காவிலிருந்து சுமார் 360 கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் அதன் வழியாக வந்தது என்று அரசுத் தரப்பு சொன்னது. மூன்று ஊழியர்கள் பணமோசடிச் சதியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தாய் நிறுவனம் பணமோசடித் தடுப்புத் திட்டத்தை ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்பதை 2018-ல் ஒப்புக்கொண்டு 1.5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

இதில் எனக்குப் பிடித்த, அதாவது பிடிக்காத பகுதி என்னவென்றால் தங்கம் வந்த வழி இடம் மாறிய விதம். பெருவில் சுங்கத் துறை கெடுபிடி செய்து சரக்கைப் பறிமுதல் செய்ததும் பெருவிலிருந்து வருவது குறைந்தது. பொலிவியாவிலிருந்து திடீரென்று கூடியது. அங்கேயும் கவனம் விழுந்ததும் வேறு நாடு. ஒவ்வொரு சரக்குக்கும் காகிதம் இருந்தது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகக்கூடத் தெரியும். ஒரு வருடப் பட்டியலை மேசையில் விரித்து நாடு வாரியாகக் கூட்டினால்தான் பல்லிளிக்கும். ஒரு நாட்டில் நேற்று வரை இல்லாத சுரங்கம் இன்று எப்படி டன் கணக்கில் தங்கம் தரும்?

நான் ஆடிட்டுக்குப் போகும்போது கொள்கை அறிக்கையைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் கேட்பது கணக்கு. இந்தச் சுரங்கத்துக்கு எவ்வளவு பெரிய உரிமம், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், மாதம் எவ்வளவு தங்கம் தருகிறது? மழைக்காலத்தில் ஆற்றுப்படுகையில் வேலை நிற்கும் என்று அவர்களே சொல்வார்கள், ஆனால் மழை மாதத்துப் பில்லில் எடை குறைந்திருக்காது. பழைய நகை வாங்கும் கடை என்றால் அந்த அளவு கடைக்கு வாரம் எவ்வளவு வரும்? பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது, விற்றவர் ஒருவராகவும் பணம் பெற்றவர் வேறு நாட்டில் இன்னொருவராகவும் இருக்கிறார்களா? பணம் முழுவதும் ரொக்கமா?

இதற்கு வேதியியல் தெரிய வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், அப்புறம் பதில் பிடிக்காவிட்டால் வாங்காமல் இருக்கும் தைரியம் வேண்டும். இரண்டாவதுதான் கிடைப்பதில்லை.

பிப்ரவரி 16

"அப்படியானால் சிறு சுரங்கத்துத் தங்கத்தையே தொடாமல் இருந்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேலே இருப்பதை மறுபடி படித்துப் பார்த்தேன். சிறு சுரங்கம் என்றாலே திருட்டு என்பது போன்ற தொனி வந்துவிட்டது. அது என் எண்ணம் இல்லை.

உலகச் சுரங்கத் தங்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கையால் தோண்டுபவர்களும் சிறு குழுக்களும் எடுப்பது. ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இதை நம்பிப் பிழைக்கிறார்கள். மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் சுமார் 38 சதவீதம் இவர்களுடைய வேலையிலிருந்துதான் வருகிறது என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2018-ல் மதிப்பிட்டது. இரண்டும் உண்மை. பாதரசத்தைத் தங்கத்தோடு சேர்த்து உருண்டையாக்கி, திறந்த தீயில் சுட்டு ஆவியாக்குவார்கள். சுடுபவர், பக்கத்தில் இருக்கும் குழந்தை, அந்த ஆற்று மீன், எல்லோருக்கும் போய்ச் சேரும்.

நல்ல நிறுவனங்கள் எல்லாம் இவர்களிடம் வாங்குவதை நிறுத்தினால் இவர்கள் தோண்டுவதை நிறுத்த மாட்டார்கள். விற்க ஆள் மாறும். புதிதாக வருபவர் பாதரசத்தைக் கடனாகக் கொடுத்துத் தங்கத்தை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்வார், காகிதத்தை வேறு நாட்டில் தயாரித்துக்கொள்வார். பெரிய ஆலையின் அறிக்கை சுத்தமாகிவிடும். அந்தத் தங்கம் மூன்று கை மாறி "மறுசுழற்சி" என்ற பெயரில் அதே ஆலைக்கு வரலாம். முதல் நாள் கேள்வியிலிருந்து நான் எங்கேயும் விலகிப் போய்விடவில்லை.

ஓஇசிடி வழிகாட்டுதலை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதன் இரண்டாம் இணைப்பைப் படித்தால் ஆபத்துகளை இரண்டாகப் பிரித்திருப்பது தெரியும். கட்டாய உழைப்பு, குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்கள், சித்திரவதை, ஆயுதக் குழுக்களுக்கு உதவி போன்றவை இருப்பதாக நியாயமான சந்தேகம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் அல்லது விலக வேண்டும். லஞ்சம், வரி ஏய்ப்பு, மூலத்தை மறைத்தல், பாதுகாப்புப் படையினரின் மாமூல் போன்றவற்றில் சப்ளையரோடு சேர்ந்து திட்டம் போட்டு, ஆறு மாதத்துக்குள் அளந்து காட்டக்கூடிய முன்னேற்றம் வர வேண்டும். வராவிட்டால்தான் நிறுத்துவது. நடைமுறையில் நான் பார்த்தது என்ன? ஆறு மாதம் கூடவே நின்று சரிசெய்ய யாருக்கும் ஆள் இல்லை, பட்ஜெட் இல்லை. ஒரு மின்னஞ்சலில் உறவைத் துண்டித்துவிட்டு அதையே சாதனையாக ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 16, தொடர்ச்சி

வழி இல்லாமல் இல்லை. ஃபேர்மைண்ட், ஃபேர்ட்ரேட் இரண்டும் சிறு சுரங்க அமைப்புகளுக்குச் சான்று தருகின்றன, தங்கத்தின் விலைக்கு மேல் ஒரு தொகையும் சமூகத்துக்குப் போகிறது. அளவு குறைவு, உங்கள் முழுத் தேவைக்கும் கிடைக்காமல் போகலாம். சான்றுக்கு இன்னும் தயாராகாதவர்களுக்கு கிராஃப்ட் என்ற நடைமுறைத் தொகுப்பு 2018-ல் வந்தது. முதல் நாளே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. மோசமானவை இல்லை என்று முதலில் காட்டு, மற்றதைப் படிப்படியாகச் சரிசெய் என்கிறது. எனக்கு அந்த அணுகுமுறை பிடிக்கும்.

பாதரசத்துக்கு மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இதை முழுவதுமாகத் தடை செய்யவில்லையே என்று சிலர் கோபப்படுகிறார்கள். குறிப்பாக மோசமான நான்கு பழக்கங்களை ஒழிக்கச் சொல்கிறது. அரைத்த தாதுவில் முழுவதுமாகப் பாதரசத்தைக் கொட்டுவது, திறந்த தீயில் சுடுவது, குடியிருப்புப் பகுதியில் சுடுவது, பாதரசம் கலந்த கழிவில் அதை நீக்காமலே சயனைடு போடுவது. ஆவியைப் பிடித்துக் குளிரவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்று வைத்தாலே நிறையக் குறையும். பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் பாதரசமே இல்லாமல் வெண்காரம் சேர்த்து உருக்கும் முறை பல காலமாக இருக்கிறது. எல்லாத் தாதுவுக்கும் அது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 20

"நாங்கள் வெள்ளி வேலை, எங்களுக்கு இதெல்லாம் இல்லை" என்பவருக்கு.

வெள்ளி வேறு விதமான தலைவலி. சுரங்க வெள்ளியில் பெரும்பகுதி வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வருவதே இல்லை. ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் எடுக்கும்போது துணையாக வருவது. அதனால் வெள்ளியின் மூலம் என்று நீங்கள் கேட்டால் ஒரு செம்பு உருக்காலையின் சேற்றுத் தொட்டியில் போய் நிற்பீர்கள். அந்த உருக்காலைக்குப் பல நாட்டுத் தாது வந்திருக்கும். எல்பிஎம்ஏ வெள்ளிக்கும் தனி வழிகாட்டுதல் வைத்திருக்கிறது.

பிளாட்டினத்தில் உலக உற்பத்தியின் ஏறக்குறைய 70 சதவீதம் தென்னாப்பிரிக்கா. ஆயுதக் குழு இல்லை, கடத்தல் பெரிதாக இல்லை, எல்லாம் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள். காகிதம் பளிச்சென்று இருக்கும். 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிகானாவில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மூலம் தெளிவாகத் தெரிந்த உலோகம்தான் அது. மூலம் தெரிந்துவிட்டால் மேலே கேட்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மறுசுழற்சிக்கும் இங்கே ஒரு கதை உண்டு. கார்களின் புகைபோக்கியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கும். 2020, 2021-ல் ரோடியம் விலை ஏறிய வேகத்தில் நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியிலிருந்து அறுத்துக்கொண்டு போனார்கள். உருக்கினால் அதுவும் நூறு சதவீத மறுசுழற்சிதான்! யாரும் பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஒரு கேள்விப் பட்டியல் எழுதிச் சப்ளையரிடம் கொடுத்தாராம், "இத்தனை வருடமாக வாங்குகிறீர்கள், இன்றைக்குச் சந்தேகமா" என்று அவர் வருத்தப்பட்டாராம்.

இது எல்லோருக்கும் நடக்கும். சந்தேகம் என்று சொல்லாதீர்கள். என் வாடிக்கையாளர் கேட்கிறார், பதில் இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும், உங்கள் வியாபாரமும் அதோடு போகும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. பட்டியலையும் சுருக்குங்கள். நீங்கள் அனுப்பிய முப்பது கேள்வியைப் பார்த்தால் எனக்கே வருத்தம் வரும்.

என்னைக் கேட்டால் தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். எந்த ஆலையில் கடைசியாகச் சுத்திகரிக்கப்பட்டது, அதன் ஆடிட் எந்த வருடத்தது. மறுசுழற்சி என்றால் எந்த வகை: கடைகள் வாங்கிய பழைய நகையா, பட்டறைத் தூளா, மின்னணுக் கழிவா, வங்கிக் கட்டியா. அவர் கைக்கு வரும்போது என்ன உருவத்தில் வந்தது, துண்டாகவா ஏற்கெனவே உருக்கிய கட்டியாகவா. உருக்கியது என்றால் யார் உருக்கினார்கள், எங்கே. பணம் எப்படிப் போனது. உங்கள் பட்டறைத் தூள் உங்களுக்கே திரும்பி வருகிறது என்றால் அதைத் தனிக் கணக்காக வையுங்கள், அதைவிட நல்ல மறுசுழற்சி கிடையாது, மற்றதோடு கலந்து கெடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் ஐந்து வருடமாவது எடுத்து வைக்க வேண்டும், வழிகாட்டுதல் கேட்பது அதுதான்.

வாடிக்கையாளருக்கு எழுதும்போது "நூறு சதவீதம் பொறுப்பான தங்கம்" என்று எழுத வேண்டாம். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதை அப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் எழுதுங்கள். நான் ஆடிட் பக்கம் உட்கார்ந்திருந்தபோது எல்லாக் கட்டத்திலும் "ஆம்" என்று டிக் அடித்த படிவத்தைத்தான் முதலில் தனியே எடுத்து வைப்பேன். இரண்டு மூன்று "இன்னும் தெரியவில்லை, இந்தத் தேதிக்குள் கேட்டுச் சொல்கிறோம்" இருந்த படிவங்கள் பெரும்பாலும் உண்மையாக இருந்தன.

மார்ச் 1

"ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஆலையின் பெயர் சொல்ல முடியாது" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இல்லை, அதை நான் ஏற்க மாட்டேன். சுரங்கத்தின் பெயரையோ வியாபாரியின் பெயரையோ போட்டிக்குப் பயந்து மறைப்பது புரிகிறது, அதை ஆடிட்டரிடம் மட்டும் காட்டலாம். ஆலையின் பெயர் கட்டியிலேயே குத்தியிருக்கும். குத்தாத கட்டியை வாங்குகிறீர்கள் என்றால் நாம் வேறு விவாதம் ஆரம்பிக்க வேண்டும்.

சப்ளையர் பதில் வந்ததும் பெயர்களை அழித்துவிட்டு இங்கே போடுங்கள். உருக்கிய இடமும் உருவமும் சொல்லாமல் "நம்பகமான மூலங்கள்" என்று மட்டும் இருந்தால் போட வேண்டாம், அந்தக் கடிதத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.